ஓஸா, குழாயா, நெகிழ்குழலா? பேக்ஹோ கையேட்டுக்குச் சொல் தேடல்

வணக்கம். டிராக்டரின் பின்னால் மாட்டும், மண் தோண்டும் பேக்ஹோவுக்குப் பழுதுபார்ப்புக் கையேடு ஒன்று தமிழில் தயாராகிறது. பூமின் (தோண்டும் கையின்) மேல் ஓடும் இரும்புக் குழாயும், மடங்கும் மூட்டில் வரும் ரப்பர் ஓஸும் வரைவில் ஒரே பெயரில் நிற்கின்றன. "குழாயைக் கழற்றவும்" என்றால் மெக்கானிக் எதில் ஸ்பானர் போடுவார்? ஓரிடத்தில் "நீரியல் குழாய்" என்றும் இருக்கிறது; உள்ளே ஓடுவதோ எண்ணெய். அழுத்தக்குழல், வளைகுழல், நெகிழ்குழல் என மூன்று சொற்களை முன்வைக்கிறேன்.

* * *

அழுத்தக்குழல் வேண்டாம் ஐயா. தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் ஓஸ் எண்ணெயை உறிஞ்சுவது. அதன் கவலை வெடிப்பதல்ல, சப்பிப்போவது. அதனால்தான் சுவருக்குள் சுருள்கம்பி வைக்கிறார்கள். கையைத் தள்ளும் ஜாக்கிக்கு (சிலிண்டருக்கு) போவது வேறு சாதி: எஃகுக் கம்பிப் பின்னல், ஒற்றை அல்லது இரட்டை. அரை அங்குல ஓஸில் ஒற்றைப் பின்னல் (தரக்குறி 1எஸ்என்) 160 பார் (அழுத்த அலகு) வரை, இரட்டைப் பின்னல் (2எஸ்என்) 275 பார் வரை வேலை அழுத்தம் தாங்கும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். உள்விட்டத்தை மட்டும் சொல்லி வாங்கினால் வம்பு, எனவே "பின்னல்" என்ற சொல்லும் கையேட்டில் கட்டாயம் வர வேண்டும்.

வளைகுழல் வினைத்தொகை. வளைந்த குழல், வளைகிற குழல் இரண்டையும் குறிக்கும். பூமின் முனையில் வளைத்துவிட்ட இரும்புக் குழாய்க்கும் பொருந்திவிட்டால் பழைய குழப்பமே மிச்சம்.

நெகிழ்குழலுக்கு என் வாக்கு. நெகிழி என்றால் பிளாஸ்டிக் என்று யாராவது கிளம்புவார்கள், கிளம்பட்டும். இரும்புக்குக் குழாய், ரப்பருக்குக் குழல் என்று பிரித்துவிட்டால் போதும். முதல் தடவை "நெகிழ்குழல் (ஓஸ்)" என்று போடுங்கள், பட்டறையில் யாரும் திணற மாட்டார்கள்.

அதைவிட முக்கியம், வளைவையும் முறுக்கையும் கலக்கக் கூடாது. வளைவுக்குக் குறைந்தபட்ச ஆரம் உண்டு, அதைவிடக் குறுகாமல் வளையலாம். முறுக்கு துளிகூட ஆகாது. முறுகிய ஓஸ் அழுத்தம் ஏறும்போதெல்லாம் நிமிரப் பார்க்கும். பின்னல் கம்பி தளரும், நட்டும் கழலும். வரைவில் இரண்டுக்கும் "திருகல்" என்றிருக்கிறது.

* * *

ஒப்புக்கொள்கிறேன். திருத்திய பகுதி:

"பக்கெட்டைத் தரையில் ஊன்றி எஞ்சினை அணைக்கவும். எல்லா லீவர்களையும் இரு பக்கமும் பலமுறை அசைத்து அழுத்தத்தை வெளியேற்றவும். நெகிழ்குழலைக் கழற்றுமுன் அது போகும் வழியைப் படமெடுக்கவும். ஒரு ஸ்பானரால் அடாப்டரைப் பிடித்து, மற்றொன்றால் நட்டைத் திருப்பவும். திறந்த வாய்களை உடனே மூடவும். புதியதை மாட்டும்போது மேலே அச்சிட்ட எழுத்துவரி ஒரே பக்கம் நேராக ஓட வேண்டும். சுருளாகச் சுற்றினால் முறுக்கு விழுந்திருக்கிறது. கூம்பு முனையில் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது."

* * *

நன்று, இரண்டு குறை. நீளம் அளப்பது விட்டுப்போயிற்று. அழுத்தத்தில் ஓஸ் 2 சதவீதம் நீளலாம், 4 சதவீதம் வரை குறுகவும் செய்யலாம். விறைப்பாக வெட்டினால் முனையைப் பிரஸ் அடித்த இடத்திலேயே பிய்த்துக்கொள்ளும். பூமை முழுக்க நீட்டியும், இரு பக்கம் திருப்பியும் பார்த்து அளக்கச் சொல்லுங்கள். இரு முனையும் எல்போ (வளைந்த இணைப்பு) என்றால் அவற்றுக்கிடையே உள்ள கோணத்தையும் குறிக்க வேண்டும்.

அடுத்து, "கசிவைத் தடவிப் பார்க்கவும்" என்ற பழைய வரி பின்பக்கம் இன்னும் கிடக்கிறது. அதை இன்றே எடுத்துவிடுங்கள். ஊசித்துளை வழியாகப் பீறிடும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும். "கசிவைக் காண அட்டைத் துண்டை ஓஸ் ஓரமாக நகர்த்திப் பார்க்கவும், கை வைக்கக் கூடாது" என்று தடித்த எழுத்தில் போடுங்கள்.