உறைந்த கோழிப் பையில் உப்பின் அளவை அச்சிடக் கேட்கலாமா?

சாட்ஸ்வர்த் வாசகி:
புரட்டாசி விரதம் முடிந்ததும் தென்னாப்பிரிக்கத் தமிழர்களான நம் வீடுகளில் பலரும் வாங்குவது இரண்டு கிலோ உறைந்த கோழித்துண்டுப் பைதான். இரத்தக் கொதிப்புள்ள என் தந்தையார் உப்பைக் குறைக்க வேண்டியிருப்பதால் பையைத் திருப்பிப் பார்த்தேன். உப்புநீர் ஏற்றப்பட்டது என்று பொடி எழுத்தில் இருக்கிறதே தவிர, 100 கிராமில் எவ்வளவு சோடியம் (உப்பிலுள்ள தாது) என்ற விவரம் எங்கும் இல்லை. எங்கள் பகுதியினர் சார்பில் சுகாதாரத் துறைக்கு மனு எழுத எண்ணியுள்ளோம். அதில் எதைக் கேட்பது பொருத்தம் என்று அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

டர்பன் உணவியலாளர்:
அம்மா, 2010ஆம் ஆண்டின் 146ஆம் எண் விதிமுறைப்படி, "கொழுப்பு குறைவு" போன்ற உரிமைகோரல் எதையேனும் உறையில் அச்சிட்டால்தான் ஊட்டச்சத்து அட்டவணை கட்டாயம். வாய் திறக்காத உற்பத்தியாளருக்கு அந்தக் கடமையும் இல்லை. துண்டுக்கோழியில் ஏற்றும் உப்புநீர் 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று வேளாண் துறை 2016இல் வரம்பிட்டது. அந்த வரம்பு வரை ஏற்றினால் உங்கள் பையில் கால் கிலோவுக்கு மேல் உப்புநீர்தான், அதற்கும் கோழி விலையே கொடுக்கிறோம். உப்பு ஏற்றாத கோழிக்கறியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 70 மில்லிகிராம் சோடியம்தான் இருக்கும். ஏற்றியபின் எவ்வளவு என்பதை உறை சொல்லாவிட்டால் மருத்துவரின் அறிவுரையை எப்படிக் கடைப்பிடிப்பது?

2023 ஜனவரியில் வெளியான வரைவு விதிகள் சோடியம் போன்றவை மிகுந்த உணவுகளின் உறை முன்புறத்தில் முக்கோண எச்சரிக்கைக் குறியை முன்மொழிந்தன. ஆனால் சோடியத்துக்கு அதில் வைத்த எல்லை 100 கிராமுக்கு 400 மில்லிகிராம். போலனி (பதப்படுத்திய இறைச்சிச் சுருள்) அதில் சிக்கும், உப்புநீர்க் கோழி தப்பிவிடக்கூடும். ஆகவே குறியை மட்டும் கேட்காமல், அளவை எண்ணாகவே அச்சிடக் கேளுங்கள்.

பீனிக்ஸ் கறிக்கடைக்காரர்:
ஐயா சொல்வது சரி, ஆனால் உப்போடு நிறுத்திவிட வேண்டாம். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 139 இறைச்சிப் பொருள்களில் 95இல் உறையில் சொல்லப்படாத கலப்பு இருந்தது. சோயாவும் பன்றி இறைச்சியும்கூட. பன்றி தொடாத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பூர்வோர்ஸ் (இந்நாட்டுத் தொத்திறைச்சி) என்று விற்பதில் 90 விழுக்காடு இறைச்சி வேண்டும், கொழுப்பு 30ஐத் தாண்டக்கூடாது என்று சட்டமே இருந்தும் மலிவான "பிராய்வோர்ஸ்" என்று பெயர் மாற்றி விற்பதைப் பார்க்கிறோம். இன்னொன்று: எங்களைப் போன்ற சிறு கடைகளுக்கு ஆய்வகச் செலவு கட்டுப்படியாகாது. முதலில் ஆலைகளைக் கட்டாயப்படுத்தும்படி எழுதுங்கள்.

சாட்ஸ்வர்த் வாசகி:
இருவருக்கும் நன்றி. ஆலையில் அடைத்த இறைச்சி அனைத்திலும் 100 கிராமுக்கான சோடியம், ஏற்றிய உப்புநீரின் விழுக்காடு, கலந்த விலங்கினம் ஆகியவற்றை உறையின் முன்புறத்திலேயே தெளிவான எழுத்தில் கேட்கிறோம். சிறு கடைகளுக்குக் கால அவகாசம் தரவும் எழுதுகிறோம், ஆனால் கலப்பு விவரத்தில் எவருக்கும் விலக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. கடைக்காரர் ஐயா பொறுத்தருள வேண்டும்.