புதுப்பிப்பு: நிறுவன மாற்றத்தில் பெரிய தொகையை ஏன் விட்டேன்

அமெரிக்காவில் நிதி ஆலோசகராக இருக்கும் நான், இரண்டு தரகு நிறுவனங்கள், தங்களிடம் வேலைக்குச் சேர்ந்தால் தருவதாகச் சொன்ன சேர்க்கைத் தொகைகளில் எதை ஏற்பது என்று முன்பு கேட்டிருந்தேன். சிறிய தொகையையே ஏற்க முடிவு செய்துவிட்டேன். இந்தத் தொகையில் முன்பணம் என்று சொல்லப்படுவது உண்மையில் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தள்ளுபடியாகும் கடன் என்பதாலும், தள்ளுபடியாகும் பகுதி அந்தந்த ஆண்டின் வருமானமாக வரிக்கு உட்படுவதாலும், இடையில் விலகினால் மீதியைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்பதாலும், தொகையைவிட ஒப்பந்தக் காலமே எனக்கு முக்கியமாகப் பட்டது. பெரிய தொகையிலோ கணிசமான பகுதி, இலக்குகளை எட்டினால்தான் கைக்கு வரும்.

ஆலோசகர்கள் நிறுவனம் மாறுவது குறித்துத் தரகு நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட, 2004-இல் உருவான புரோக்கர் புரோட்டோகால் என்ற உடன்பாட்டில், விலகும் நிறுவனம், சேரும் நிறுவனம் இரண்டும் இருந்தால்தான், வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், கணக்கின் தலைப்பு ஆகியவற்றை வழக்குப் பயமின்றி எடுத்துச் செல்ல முடியும். மார்கன் ஸ்டான்லி, யுபிஎஸ் ஆகிய பெரிய நிறுவனங்களே 2017-இல் அதிலிருந்து விலகின என்பதால், பணிவிலகல் கடிதம் கொடுக்கும் நாள்வரை அதன் உறுப்பு நிறுவனங்களின் பட்டியலை நான் சரிபார்த்துக்கொண்டே இருப்பேன்.