போலீஸ் அறிக்கையில் தப்பு, எப்படித் திருத்துவது?

போன மாதம் என் தங்கையின் காரில் இன்னொரு கார் வந்து மோதியது. அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு, எதிர்த்தரப்பு டிரைவர் சொன்னதை மட்டும் வைத்து அறிக்கை எழுதிவிட்டார்கள். சிவப்பு விளக்கைத் தாண்டியது இவள்தானாம்! நசுங்கியிருப்பது பக்கக் கதவு, அறிக்கையிலோ முன்பக்கம் என்று இருக்கிறது. இவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்று முறை ஸ்டேஷனுக்கு அலைந்துவிட்டோம். "அந்த அதிகாரி லீவு" என்கிறார்கள். இன்சூரன்ஸ்காரர் அந்தத் தாளையே காட்டி இழப்பீட்டை நிறுத்தி வைத்திருக்கிறார். அம்மா சரியாகத் தூங்கியே பல நாளாகிறது.

கார் போட்டோக்களும், பின்னால் வந்தவரின் டேஷ்கேம் (வண்டிக்குள் பொருத்தும் கேமரா) பதிவும் கையில் இருக்கின்றன. வண்டி எண், தேதி மாதிரியான பிழையென்றால் உடனே திருத்துவார்களாம். சரி, மற்றதற்கு? தங்கையின் வாக்குமூலத்தையாவது அறிக்கையோடு சேர்க்கச் சொல்லலாமா? வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.