விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு நகரவே மாட்டேன் என்கிறது, கீழே பச்சை ஆமைப் படம் – உதவி தேவை

தென்றல்07:
வணக்கம் நண்பர்களே. லினக்ஸ் பழக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஆனால் இருக்கிற விண்டோஸ் 11-ஐ அழிக்கத் துணிவில்லை, என் வேலை முழுக்க இந்தக் கணினியில்தான் இருக்கிறது. அதனால் இலவசமாக, திறமூலமாகக் கிடைக்கிற விர்ச்சுவல்பாக்ஸ் 7.1-ஐப் (கணினிக்குள்ளேயே இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருள்) போட்டு அதற்குள் உபுண்டு 24.04 என்ற லினக்ஸை நிறுவினேன். நிறுவி முடிக்கவே ஒன்றரை மணி நேரம் ஆனது. இப்போது மவுஸை நகர்த்தினால் அம்பு இரண்டு நொடி கழித்து வருகிறது, ஃபயர்ஃபாக்ஸைச் சொடுக்கிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் திறந்திருக்காது.

கணினியில் 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, 4 கோர். அதிகம் கொடுத்தால் வேகமாக ஓடும் என்று விஎம்முக்கு (உள்ளே ஓடும் அந்த மெய்நிகர் கணினிக்கு) 6 ஜிபி கொடுத்தேன், சிபியு 1 என்று இருந்ததைத் தொடவில்லை. பயாஸில் (கணினி கிளம்பும்போது வரும் அடிப்படை அமைப்பில்) விர்ச்சுவலைசேஷன், அதாவது விஎம் ஓட்ட பிராசஸர் தரும் வசதி, ஆன் ஆகித்தான் இருக்கிறது, டாஸ்க் மேனேஜரிலும் அப்படியே காட்டுகிறது. விஎம் சாளரத்தின் அடியில் வலது ஓரத்தில் குட்டியாக ஒரு பச்சை ஆமை தெரிகிறது. அது எதற்கு?

மின்மினி:
முதலில் ரேமைக் குறையுங்கள். 8-ல் 6 அங்கே போனால் விண்டோஸுக்கு மிச்சம் 2 தான். அது இடம் போதாமல் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும், வெளியே இருப்பது திணறினால் உள்ளே இருப்பதும் சேர்ந்து திணறும். 4 ஜிபி, 2 சிபியு, டிஸ்பிளே பகுதியில் வீடியோ மெமரி 128 எம்பி வைத்துப் பாருங்கள். விஎம்மை முழுதாக நிறுத்தினால்தான் இவற்றை மாற்ற முடியும்.

தென்றல்07:
மாற்றினேன். விண்டோஸ் இப்போது திணறவில்லை. உபுண்டு கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். ஆமை அங்கேயே இருக்கிறது.

பெட்டிக்குள்பெட்டி:
அந்த ஆமையில்தான் விஷயமே இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் சாதாரணமாக உங்கள் பிராசஸரில் இருக்கும் விர்ச்சுவலைசேஷன் வசதியை நேரடியாகப் பிடித்து ஓடும். விண்டோஸோடு வரும் ஹைப்பர்-வி என்ற விஎம் வசதி அதை முன்பே பிடித்துக்கொண்டிருந்தால் இதற்கு நேரடி வழி கிடையாது. 6.0 பதிப்புக்கு முன்னால் இந்த நிலையில் விஎம் கிளம்பாமல் பிழைச்செய்தியோடு நின்றுவிடும். இப்போது ஹைப்பர்-வியின் மேலேயே ஏறி மெதுவாக ஓடுகிறது, அதைச் சொல்லத்தான் அந்த ஆமை.

'நான் ஹைப்பர்-வி போடவே இல்லையே' என்பீர்கள். நீங்கள் போட வேண்டியதில்லை. டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி), விண்டோஸ் சேண்ட்பாக்ஸ் (மென்பொருளைத் தனியாக வைத்துச் சோதிக்கும் இடம்), மெமரி இன்டெக்ரிட்டி (ஒரு பாதுகாப்பு வசதி), இவற்றில் எது ஓடினாலும் பின்னணியில் ஹைப்பர்வைசர், அதாவது ஹைப்பர்-வியின் அடித்தளம், எழுந்துவிடும். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் மெமரி இன்டெக்ரிட்டி முதலிலிருந்தே ஆன் ஆகி வருகிறது. சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து கடைசி வரியைப் பாருங்கள், ஹைப்பர்வைசர் கண்டறியப்பட்டது என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

செய்ய வேண்டியது: விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றிலும் டிக்கை எடுங்கள். அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டி, டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் என்று போய் மெமரி இன்டெக்ரிட்டியை அணையுங்கள். பிறகு ரீஸ்டார்ட். ஷட் டவுன் செய்து ஆன் செய்தால் போதாது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் கெர்னலை (விண்டோஸின் மையப் பகுதியை) சேமித்து வைத்து அதையே திரும்ப எடுத்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. டிஸ்க் பிட்லாக்கரில் (விண்டோஸின் டிஸ்க் குறியாக்க வசதியில்) பூட்டியிருந்தால் இதில் கை வைக்கும் முன் ரிகவரி கீயை வேறு இடத்தில் எழுதி வையுங்கள், பூட் அமைப்புகளை மாற்றினால் சில சமயம் அதைக் கேட்கும். மெமரி இன்டெக்ரிட்டி என்பது தவறான டிரைவர்கள் கெர்னலுக்குள் நுழையாமல் காக்கிற பாதுகாப்பு. அதை அணைப்பதால் ஒரு அரண் குறைகிறது என்று தெரிந்தே செய்யுங்கள். நிறுவனம் கொடுத்த கணினி என்றால் கேட்காமல் செய்யவே வேண்டாம்.

தென்றல்07:
சொந்தக் கணினிதான். ஆறு மாதம் முன்னால் ஒரு பயிற்சிக்காக டபிள்யூஎஸ்எல் போட்டது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதலில் டிக்குகளை மட்டும் எடுத்து ரீஸ்டார்ட் செய்தேன், ஆமை போகவில்லை. மெமரி இன்டெக்ரிட்டியையும் அணைத்த பிறகுதான் போனது, அந்த இடத்தில் இப்போது வி என்ற எழுத்து இருக்கிறது. உபுண்டு ஒரு நிமிடத்துக்குள் திறந்துவிட்டது, எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

அடுத்த சிக்கல். திரை சின்னதாக இருக்கிறதே என்று கெஸ்ட் அடிஷன்ஸ் (திரை அளவு போன்றவற்றைச் சரிசெய்ய விஎம்முக்குள் போடும் விர்ச்சுவல்பாக்ஸ் துணை மென்பொருள்) போடப் பார்த்தால், இந்தப் பயனர் சூடோ பட்டியலில் (நிர்வாக உரிமை உள்ளவர்கள் பட்டியலில்) இல்லை என்கிறது. பயனர் பெயரும் நான் வைத்தது இல்லை, விபாக்ஸ்யூசர் என்று இருக்கிறது.

மின்மினி:
விஎம் உருவாக்கும்போது ஐஎஸ்ஓவை (உபுண்டு நிறுவல் கோப்பை) காட்டியதும் விர்ச்சுவல்பாக்ஸ் தானே நிறுவிக்கொண்டது, அந்தக் கணக்குக்கு நிர்வாக உரிமை தராமல் விட்டிருக்கிறது. உள்ளே இன்னும் முக்கியமாக எதுவும் இல்லை என்பதால் விஎம்மை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே சுலபம். இந்த முறை ஐஎஸ்ஓ தேர்ந்தெடுக்கிற அதே பக்கத்தில் 'ஸ்கிப் அன்அட்டெண்டட் இன்ஸ்டாலேஷன்' என்பதை டிக் செய்யுங்கள், பெயரும் கடவுச்சொல்லும் நீங்களே கொடுக்கலாம். டிஸ்க் 25 ஜிபிக்குக் குறையாமல் வையுங்கள், டைனமிக் வகைதான் என்பதால் எழுத எழுதத்தான் இடம் எடுக்கும்.

எக்ஸ்டென்ஷன் பேக் என்ற கூடுதல் வசதித் தொகுப்பு இப்போது தேவையில்லை. விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பு ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வருவது, அந்தப் பேக் அப்படி இல்லை. சொந்த உபயோகம், கல்வி, சோதித்துப் பார்ப்பது ஆகியவற்றுக்குத்தான் இலவசம்.

தென்றல்07:
முடிந்தது! இருபது நிமிடத்தில் நிறுவியாகிவிட்டது, கெஸ்ட் அடிஷன்ஸும் ஏறியது, முழுத்திரையும் வருகிறது. எதையாவது கெடுத்துக்கொண்டால் திரும்பி வர ஒரு ஸ்னாப்ஷாட்டும் எடுத்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம், பின்னால் டபிள்யூஎஸ்எல் மறுபடி தேவைப்பட்டால் இந்த விஎம் போய்விடுமா?

பெட்டிக்குள்பெட்டி:
போகாது. விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்மை மறுபடி டிக் செய்து ரீஸ்டார்ட் செய்தால் டபிள்யூஎஸ்எல் வந்துவிடும், கூடவே ஆமையும் வரும். விஎம்மில் இருக்கிற கோப்புகள் அப்படியே இருக்கும், வேகம்தான் குறையும். ஸ்னாப்ஷாட்டை மட்டும் காப்பு நகல் என்று நம்பிவிடாதீர்கள், அதுவும் அதே டிஸ்க்கில்தான் கிடக்கிறது. வேண்டிய கோப்புகளை வெளியே ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.