முன்பல் காம்போசிட் (பல் நிற ஃபில்லிங்) ஆறே மாதத்தில் பழுப்பாகிறது. எங்கே தவறு?

கும்பகோணம், பல் மருத்துவர்:
மேல் முன்பற்களுக்கு நானோஹைப்ரிட் காம்போசிட். 2 மி.மீ. அடுக்குகள், அடுக்குக்கு 20 விநாடி லைட் காட்டி இறுக்குகிறேன் (க்யூர்). கடைசி அடுக்கை மைலார் ஸ்ட்ரிப் (மெல்லிய பிளாஸ்டிக் பட்டை) வைத்து அழுத்தி க்யூர் செய்தால் கண்ணாடி மாதிரி வருகிறது, அதனால் பாலிஷ் செய்வதில்லை. டிகிரி காபி, வெற்றிலை சீவல் பழக்கம் உள்ளவர்களுக்குச் சீக்கிரம் நிறம் மாறுகிறது. மெட்டீரியலை மாற்றுவதா?

தஞ்சாவூர்:
மெட்டீரியலை மாற்ற வேண்டாம் டாக்டர், அந்தக் கண்ணாடிப் பளபளப்பை நம்பாதீர்கள். ஸ்ட்ரிப்பின் கீழே மேல்பரப்பில் ரெசின் (பிசின்) அதிகம், ஃபில்லர் (கடினத் துகள்) குறைவு. காபியின் நிறத்தை உறிஞ்சுவது அந்த ரெசின்தான். ஸ்ட்ரிப் படாத ஓரங்களில் ஆக்சிஜன் பட்டு, மெல்லிய படலமாக ரெசின் இறுகாமலே நிற்கும்.

கொஞ்சம் கூடுதலாக வைத்து வடிவம் கொடுங்கள். ஆக்சிஜன் படாமலிருக்க கிளிசரின் ஜெல் பூசி, அதன் மேலேயே இன்னொரு 20 விநாடி லைட். கழுவிவிட்டு ஃபைன் டயமண்ட் பர் (தேய்க்கும் முனை), பிறகு அலுமினியம் ஆக்சைடு டிஸ்க் நான்கு தரமும், கரடானதிலிருந்து நுண்ணியது வரை வரிசையாக. ஒரு தரத்தைத் தாண்டினால் முந்தைய கீறல் அப்படியே தங்கிவிடும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இடையில் கழுவாவிட்டால் பழைய டிஸ்க்கின் துகளே புதுக் கீறல் போடும். அழுத்தினால் சூடேறும், கை லேசாக இருக்கட்டும். முடிவில் ஃபெல்ட் வீலில் டயமண்ட் பேஸ்ட். ஈரத்தில் எல்லாமே மின்னும். காற்றடித்து உலர்த்திப் பாருங்கள். சொரசொரப்பு 0.2 மைக்ரானைத் தாண்டினால் பிளாக் (கிருமிப் படலம்) ஒட்டுவது கூடும், கறையும் அதோடு ஏறும்.

மயிலாடுதுறை:
கறை எங்கே என்று முதலில் பாருங்கள் சார். பரப்பில் மட்டும் என்றால் பாலிஷிலேயே போகும். ஓரத்தில் கோடாக இருந்தால் பாண்டிங் (பல்லோடு ஒட்டவைப்பது) பிசகு, அல்லது எனாமல் மேல் வழிந்த மெல்லிய ரெசின். உள்ளே முழுவதும் மஞ்சளித்திருந்தால் பாலிஷ் உதவாது: க்யூர் போதவில்லை, அல்லது லைட் பட்டதும் இறுகலைத் தொடங்கிவைக்கும் கேம்ஃபர்குவினோனுடன் சேர்க்கும் அமைன் நிறம் மாறியிருக்கிறது. லைட் முனையில் ரெசின் ஒட்டியிருக்கிறதா பாருங்கள், லைட்டின் வலுவை ரேடியோமீட்டரில் அளந்துவிடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் குறை.

ஷேடை (பல்லின் நிறத்தை) ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைச் சுற்றிப் போடும் ரப்பர் விரிப்பு) போடும் முன்பே எடுங்கள். உலர்ந்த பல் வெளுத்துத் தெரியும்.

கும்பகோணம், பல் மருத்துவர்:
ஏற்கெனவே வைத்தவற்றை எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கணுமா?

தஞ்சாவூர்:
அவசரப்படாதீர்கள். பரப்புக் கறை என்றால் கடைசி இரண்டு டிஸ்க், பேஸ்ட் போதும். புது ஃபில்லிங் என்றால் முதல் 24 மணி நேரம் காபி, வெற்றிலை, குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் மூன்றும் வேண்டாம். அந்த நேரத்திலும் இறுகல் நடந்துகொண்டிருக்கும். கரகரப்பான பல்பொடியை அடியோடு நிறுத்தச் சொல்லுங்கள், நீங்கள் போட்ட பாலிஷை அதுதான் தேய்க்கும். வெற்றிலையை விடமாட்டேன் என்பவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபாலிஷுக்கு வரச் சொல்லுங்கள்.