செய்மதியை நிப்பாட்டினால் ஏவுகணை வழி தவறுமா?

கொள்ளுப்பிட்டிவாசி: கண்டம் தாண்டிப் போகிற ஏவுகணையும் எங்கட போனைப் போல ஜிபிஎஸ் பார்த்துத்தானே போகுது? செய்மதிகளை ஒரு மணித்தியாலம் நிப்பாட்டினால் ஒன்றும் இலக்கில் விழாது. ஏன் ஒருவரும் அதைச் செய்யவில்லை?

வெள்ளவத்தை டியூட்டரி: செய்தாலும் விழும் என்பதால்தான். ஜேர்மனியின் வி-2 ஏவுகணை லண்டனில் விழுந்தது 1944இல். உலகின் முதல் செய்மதி போனதே 1957இல், முதல் ஜிபிஎஸ் செய்மதி 1978இல்.

கொள்ளுப்பிட்டிவாசி: வி-2 குறி தவறிப் பல கிலோமீற்றர் தள்ளியும் விழுந்ததே சேர். வெளியே ஒன்றையும் பார்க்காமல் தான் எங்கே போகிறது என்று அது எப்படி அறியும்?

வெள்ளவத்தை டியூட்டரி: உங்கட ஃபிளாட் லிஃப்டில் ஏறிக் கண்ணை மூடுங்கோ. கிளம்பும்போது பாதம் அழுந்தும், நிற்கப்போகும்போது உடம்பு லேசாகும். நடுவில் ஒரே வேகத்தில் போகும்போது ஒன்றும் தெரியாது. அந்த அழுத்தம் எவ்வளவு, எத்தனை செக்கன் என்று அளந்துவிட்டால், கதவு திறக்க முதலே எத்தனையாம் மாடி என்று சொல்லலாம். ஏவுகணைக்குள் இருக்கிற ஆர்முடுகல்மானியின் வேலை அதுதான்; ஆர்முடுகல் என்றால் வேகம் மாறுகிற வீதம். ஆர்முடுகலை ஒருதரம் தொகையிட, அதாவது கணத்துக்குக் கணம் கூட்டிக்கொண்டே போக, வேகம், இன்னொருதரம் தொகையிடத் தூரம். எந்தப் பக்கம் திரும்பியிருக்கு என்று ஜைரோ காட்டும். வெளியிலிருந்து சிக்னல் வாங்காததை வெளியிலிருந்து குழப்பவும் ஏலாது. அதோடு, எஞ்சின் எரிகிற முதல் சில நிமிடம்தான் முக்கியம். சரியான வேகமும் திசையும் வந்ததும் எஞ்சினை நிப்பாட்டிவிடும். மிச்சப் பயணத்தில் பெரும்பகுதி எறிந்த கல்லின் பயணம்தான்.

கொள்ளுப்பிட்டிவாசி: சரி, கணக்குப் போடுவோம். ஆர்முடுகலை அளப்பதில் பிழை, ஒவ்வொரு செக்கனும் வேகத்தில் செக்கனுக்கு 1 மில்லிமீற்றர் என்று வையுங்கோ. 180 செக்கனில் வேகம் செக்கனுக்கு 18 சென்ரிமீற்றர் பிழைக்கும். அதோடு 1,800 செக்கன் பறந்தால் 324 மீற்றர். ஜிபிஎஸ் பிழை இப்படி வளராது. அமெரிக்காவின் ஜேடாம் குண்டுக்கு ஜிபிஎஸ் இருந்தால் பிழை 5 மீற்றர், இல்லாவிட்டால் 30.

வெள்ளவத்தை டியூட்டரி: பெருக்கல் சரி, உண்மையில் அதைவிடக் கூடவே தள்ளும். ஆனால் கண்டம் தாண்டுகிறவற்றில் பூட்டுகிற கருவி நீங்கள் வைத்ததைவிடப் பல மடங்கு நுட்பமானது. ஜேடாம் விமானத்திலிருந்து போடுகிற குண்டு. அதை இதோடு ஒப்பிடவேண்டாம்.

கடலோடி: இரண்டு பேருக்கும் ஒன்று. பாரசீக வளைகுடாவில் எங்கட ஜிபிஎஸ் திரையில் கப்பல் பாலைவனத்துக்குள் நின்றது. வெளியே பார்த்தால் நாலு பக்கமும் தண்ணி. ராடாரையும் ஜைரோ திசைகாட்டியையும் வைத்துத்தான் ஓட்டினோம். 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து வருகிற சிக்னல் அவ்வளவு மெலிவு, கீழேயிருந்து யாரும் அமுக்கலாம். நீர்மூழ்கியிலிருந்து ஏவுகிற ட்ரைடன்டுக்கு வேறு சிக்கல்: புறப்படுகிற இடமே சரியாகத் தெரியாது. அதனால் பறக்கும்போது நட்சத்திரத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். நட்சத்திரத்தின் கோணத்தை அளந்து இடம் அறிகிற செக்ஸ்டன்ட் கருவியைப் பிடித்த எவருக்கும் அது விளங்கும்.

கொள்ளுப்பிட்டிவாசி: கண்டம் தாண்டுவதற்குச் சேர் சொன்னதை ஏற்கிறேன். குறுந்தூர ஏவுகணைக்குச் செய்மதித் திருத்தம் வேண்டும் என்பதை விடமாட்டேன், இப்ப இரண்டையும் சேர்த்துத்தானே பூட்டுறாங்கள். இரவு லிஃப்டில் கண்ணை மூடிப் பார்த்தேன். ஐந்தாம் மாடி என்று நினைத்தேன், கதவு திறந்தது ஆறில்.