ராணிக்குச் சோறு, தீபக்குக்கு வட்டி

*நம்ம தெரு – பேஸ் 2, சத்துவாச்சாரி, வேலூர்* (வாட்ஸ்அப் குரூப்)
சனிக்கிழமை

*மல்லிகா டீச்சர்:* சரோஜாம்மாவுக்கு நாம முறை போட்டு மதியம் சாப்பாடு குடுக்கறோம்ல, அதுல பாதி அவங்க நாய் ராணி வயித்துக்குத்தான் போகுது. இன்னிக்கு உக்காந்து பாத்தேன். சாம்பார் சாதத்தைப் பிசைஞ்சு முதல் உருண்டை நாய்க்கு. அது தின்னு முடிச்சு வாலாட்டினப்புறம்தான் இவங்க வாய்க்கு. கேட்டா "அது வாயில்லா ஜீவன், நான் ஒரு வாய் குறைச்சுக்கிட்டா செத்தா போயிடுவேன்"ங்கறாங்க. சக்கரை மாத்திரை போடற உடம்பு.

*ரவி (துபாய்):* டீச்சர், போன மாசம்தான் அம்மாவுக்கு ஆன்லைன்ல 10 கிலோ பெடிகிரி நாய்த் தீனி மூட்டை அனுப்பினேன். டெலிவரி ஆச்சே?

*மல்லிகா டீச்சர்:* ஆச்சு தம்பி. பிரிக்காம பீரோ பக்கத்துல நிக்குது. மேல புடவையெல்லாம் மடிச்சு அடுக்கி வச்சிருக்காங்க.

*ரவி (துபாய்):* போன்ல "நல்லா சாப்பிடுதுடா"ன்னாங்களே 😐

*மல்லிகா டீச்சர்:* இடுப்பு ஆபரேஷன் ஆனவங்க அதை எப்படித் தூக்கி, எப்படிப் பிரிச்சு... ராணிக்கும் பல்லு போயிடுச்சு.

*டாக்டர் ஹேமா (கால்நடை):* முதல்ல சாம்பார் சாதத்தை நிறுத்தச் சொல்லுங்க டீச்சர். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது, ரத்தத்துல சிவப்பணுவை உடைக்கும். தினமும் போனா சோகைதான். உப்பு, மசாலா இல்லாம குழைய வேகவச்ச சோறு, கூட கொஞ்சம் கோழிக்கறி, கேரட் போதும். வேகவச்ச எலும்பு மட்டும் கூடவே கூடாது, சில்லு சில்லா உடைஞ்சு குடலைக் கிழிக்கும். மூட்டையில இருக்கறதை வெதுவெதுப்பான தண்ணில ஊறவச்சா பல்லில்லாததும் தின்னும்.

*அன்வர் பாய்:* கடையில கறி தினமும் கொஞ்சம் மிஞ்சும்மா. எலும்பு எடுத்துட்டுக் கட்டி வைக்கச் சொல்றேன். காசு பேச்சு வேணாம்.

*கோவிந்தராஜ் அங்கிள்:* எங்க பூனைக்குக் குட்டியா வந்ததுலருந்து பால்சோறுதான். நல்லாத்தானே இருக்கு?

*டாக்டர் ஹேமா:* உங்களுக்குத் தெரியாம எலி பிடிச்சுத் தின்னுது அங்கிள், அதான் நல்லா இருக்கு 😄 பூனைக்குக் கறியோ மீனோ இல்லாம முடியாது. டாரின்னு ஒரு சத்து, சோத்துலயும் பால்லயும் போதுமான அளவு கிடைக்காது. அது ரொம்ப நாள் இல்லன்னா கண்ணும் போகும், இதயமும் கெடும். மத்தி வாங்கி வேகவச்சு முள்ளு எடுத்துப் போடுங்க.

*கோவிந்தராஜ் அங்கிள்:* எங்க வீட்டுக்குள்ள மீன் வந்தா நான் வெளிய போகணும்மா.

*அன்வர் பாய்:* எங்க வாசல்ல வச்சிடறேன் சார். அது வந்து தின்னுட்டு வீட்டுக்கு வரட்டும். உங்க அடுப்புக்கு வேலையே இல்ல.

*கோவிந்தராஜ் அங்கிள்:* 🙏 வீட்டுக்காரி கேட்டா எனக்குத் தெரியாதுன்னுடுவேன்.

*சுதா (நியூஜெர்சி):* இங்க வயசானவங்களுக்கு வீட்டுக்கே சாப்பாடு கொண்டுபோற மீல்ஸ் ஆன் வீல்ஸ்லயும் இதே கதைதான். தட்டுல பாதி நாய்க்கோ பூனைக்கோ போறதைத் தன்னார்வலர்கள் பாத்திருக்காங்க. அதனால இப்பப் பல ஊர்ல சாப்பாட்டோட நாய்த் தீனி, பூனைத் தீனியும் சேத்தே குடுக்கறாங்க.

*மல்லிகா டீச்சர்:* தீனி இருக்கு, கறி இருக்கு. தினமும் ஊறவச்சுப் போட்டுத் தட்டைக் கழுவ ஆள்தான் இல்ல.

*தீபக்:* நான் போறேன் டீச்சர். காலைல காலேஜ் பஸ்ஸுக்கு முன்னாடி ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ராணிக்கு என்னைத் தெரியும்.

*ரவி (துபாய்):* சூப்பர் தம்பி. மாசம் 1500 அனுப்பறேன்.

*முருகன் ஆட்டோ:* இன்னா தம்பி இது, நாய்க்கு சோறு போட துட்டா? சரோஜாம்மா கை ரசத்துல வளந்த பய அவன். துட்டெல்லாம் வாணாம்.

*மல்லிகா டீச்சர்:* முருகா, உன் பையன் தீபக் ராத்திரி 11 மணி வரைக்கும் வண்டில பிரியாணி டெலிவரி பண்ணிட்டு வரான். அது கல்விக் கடனுக்காகத்தானே?

*முருகன் ஆட்டோ:* அத்த நெனச்சாதான் எனக்கும் தூக்கம் வரல டீச்சர்.

*சேதுராமன் (ரிட். பேங்க்):* தீபக், இதுவரைக்கும் எவ்வளவு பணம் வந்திருக்கு?

*தீபக்:* வருஷம் 1 லட்சம் சார். மூணாவது வருஷம், 3 லட்சம் ஆச்சு. நாலு வருஷப் படிப்புக்கு மொத்தம் 4 லட்சம். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுக் கட்டினா போதும்னு இருக்கோம்.

*சேதுராமன் (ரிட். பேங்க்):* கட்ட ஆரம்பிக்கறதுதான் அப்போ. வட்டி முதல் நாள்லருந்தே ஓடுது. 10 சதவீதம்னு வச்சுக்கோ, தனி வட்டி. முதல் லட்சம் 5 வருஷம் நிக்கும், அடுத்தது 4, அடுத்தது 3, கடைசி 2. ஆக 1.4 லட்சம் வட்டி சேந்து, நீ தவணை ஆரம்பிக்கறப்பக் கடன் 5.4 லட்சம். வாங்கினது 4.

*முருகன் ஆட்டோ:* ஐயோ

*சேதுராமன் (ரிட். பேங்க்):* இரு. வட்டி மானியத்துக்கு வருமானச் சான்று குடுத்தீங்களா?

*தீபக்:* பேங்க்ல கேட்டோம் சார். "அதெல்லாம் தானா வரும்"னாங்க.

*சேதுராமன் (ரிட். பேங்க்):* தானா மழைகூட வராது இந்த ஊர்ல. குடும்ப வருமானம் வருஷம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்து, இன்ஜினியரிங் மாதிரி தொழிற்படிப்பு, காலேஜ் தரத்தைப் பாக்கற நாக், என்பிஏ ரெண்டுல ஒண்ணோட அங்கீகாரம் இருந்தா, படிக்கற காலமும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் முழு வட்டியை மத்திய அரசு கட்டும். ஆனா சான்றை நீதான் கொண்டுபோய்க் குடுக்கணும், பேங்க்தான் அரசுகிட்டக் கேட்டு வாங்கணும். திங்கக்கிழமை இ-சேவைல போடு. வந்ததும் கிளைல குடுத்து, நகல்ல சீல் போட்டு வாங்கு. வாய்ல சொன்னதை நம்பாத. போன ரெண்டு வருஷத்துக்கும் சேத்துக் கேளு.

*முருகன் ஆட்டோ:* இழுத்தடிச்சா இன்னா சார் பண்றது?

*சேதுராமன் (ரிட். பேங்க்):* கலெக்டர் ஆபீஸ் நம்ம தெருவுலருந்து நடக்கற தூரம். திங்கள்தோறும் குறைதீர்வு நாள், மனு குடு. மாவட்டத்துல எல்லா பேங்கையும் ஒருங்கிணைக்கற முன்னோடி வங்கி மேனேஜருக்கு அனுப்பி வைப்பாங்க. நானும் கூட வரேன், எனக்கென்ன வேலை.

*ரவி (துபாய்):* அப்ப என் 1500?

*சேதுராமன் (ரிட். பேங்க்):* அது வரட்டும். மானியம் கிடைக்கற வரைக்கும் வட்டில கழியும், கிடைச்சப்புறம் அசல்ல கழியும். கடன் கணக்குலயே நேரா போடு. முருகா, நீ மறுக்காத. வெளியாள் வச்சா குடுக்க மாட்டானா?

*முருகன் ஆட்டோ:* பய கைல மட்டும் தராதீங்க சார், புது செல் வாங்கிடுவான். ஆனா ஒண்ணு, ராத்திரி டெலிவரிய உட்டுடணும். அதுக்குன்னா சரி.

*தீபக்:* வெள்ளி, சனி மட்டும் போறேன்பா 🙏

*கோவிந்தராஜ் அங்கிள்:* பூனை கணக்குல நான் 500.

*தீபக்:* அங்கிள், அதுக்குத்தான் பாய் மீன் வைக்கறாரே, நான் எதுவும் பண்ணலையே?

*கோவிந்தராஜ் அங்கிள்:* பொண்ணு வீட்டுக்கு நாங்க ஓசூர் போறப்ப யார் பாக்கறது? அப்புறம் நான் போட்டிருக்கிறதா யார்கிட்டயும் சொல்லாத.

*மல்லிகா டீச்சர்:* அங்கிள், இது குரூப்பு 😂

*சுதா (நியூஜெர்சி):* முருகண்ணா, உங்க பொண்ணு பிளஸ் டூதானே? 6ஆம் வகுப்புலருந்து கவர்மென்ட் ஸ்கூல்னா காலேஜ் சேந்ததும் தமிழ்நாடு அரசோட புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 வரும். அதையும் தானா வரும்னு விட்டுடாதீங்க.

*மல்லிகா டீச்சர்:* ரவி, அம்மாகிட்டப் பேசறப்ப "ஏன் பிரிக்கல"ன்னு கத்தாத. மகன் காசைக் கரைக்கக் கூடாதுன்னுதான் அதை அப்படியே வச்சிருக்காங்க. எக்ஸ்பயரி ஆயிடும்னு மட்டும் சொல்லு. வீணாப்போறது அவங்களுக்குப் பொறுக்காது, உடனே பிரிக்கச் சொல்வாங்க.

*ரவி (துபாய்):* சரிங்க டீச்சர். இனிமே சின்ன பாக்கெட்டா அனுப்பறேன்.

*டாக்டர் ஹேமா:* தீபக், ராணிக்கு இந்த வருஷம் வெறிநோய் ஊசி போட்டாச்சான்னு பாரு. இல்லன்னா நம்ம கால்நடை ஆஸ்பத்திரிக்கு அப்பா ஆட்டோல கூட்டிட்டு வா.

*முருகன் ஆட்டோ:* ஆட்டோல வாந்தி எடுக்காதுல்ல டாக்டரம்மா?

*அன்வர் பாய்:* தீபக், நாளைக்கு ஞாயிறு, கடையில கூட்டம் இருக்கும். 11 மணிக்கு மேல டப்பா எடுத்துட்டு வா. மூடி இருக்கற டப்பாவா கொண்டா.